ஆக்சிமீட்டரில் யாரும் பார்க்காத எண்: சளி, காய்ச்சல் வந்தால் நுரையீரல் நோயாளிகளுக்கு இதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது?

கார்த்திகை மாத அடைமழை. வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்து, இரண்டே நாளில் 64 வயது அம்மாவுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பீடி, சிகரெட் பக்கமே போகாத அம்மா. ஆனால், முப்பது வருடம் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவர். 'சிஓபிடி' என்று டாக்டர் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. தினமும் பம்ப் எடுக்கிறார். இந்த முறை இருமலோடு இளைப்பும் கூடிவிட்டது.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது பாப்பா" என்கிறார். மகள், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைத் தேடி எடுத்து விரலில் மாட்டுகிறார். திரையில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று 93. இன்னொன்று 118. தெர்மாமீட்டரில் 99.4 டிகிரி.

"93 இருக்கும்மா. காய்ச்சலும் பெருசா இல்ல. பயப்பட ஒண்ணுமில்ல, படு. நாளைக்கோ நாளன்னைக்கோ டாக்டர்கிட்ட போய்க்கலாம்."

இப்படி ஒரு காட்சி பல வீடுகளில் நடந்திருக்கும். கொரோனா அலைகளின்போது ஆக்சிஜன் அளவைப் பார்க்க எல்லோரும் பழகிக்கொண்டோம். ஆனால், அதே திரையில் தெரியும் இன்னொரு எண்ணைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அது நாடித்துடிப்பு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குச் சளி, காய்ச்சல், நிமோனியா என்று எது வந்தாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்த எண் பல நேரம் முன்கூட்டியே சொல்லிவிடும். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

யாருக்கெல்லாம் இது பொருந்தும்?

ஆஸ்துமா, சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸ், காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் தழும்பு மிஞ்சியவர்கள் என எல்லோருக்கும் பொருந்தும். இதில் சிஓபிடி மட்டுமே இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இருப்பதாக 2016-ம் ஆண்டுக்கான மதிப்பீடு சொல்கிறது. 1990-ல் இது சுமார் 2.8 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் உலகம் முழுக்க சிஓபிடியால் இறந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர்.

'சிகரெட் பிடிப்பவர்களுக்குத்தான் இது வரும்' என்ற எண்ணம் நம் ஊருக்குச் சரியாகப் பொருந்தாது. விறகு, வறட்டி எரியும் அடுப்பு, பஞ்சாலைத் தூசி, கல்குவாரித் தூசி, நகரத்துக் காற்று மாசு ஆகியவையும் நுரையீரலைச் சேதப்படுத்துகின்றன. அதனால்தான் வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத பெண்களும் இந்த நோயோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

நன்றாக இருக்கும்போதே நாடி கொஞ்சம் அதிகம்தான்

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு வரை இயல்பு என்பது பொதுவான அளவுகோல். சிஓபிடி உள்ளவர்களுக்கு, உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும், அதே வயதுடைய மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். நோய் முற்ற முற்ற ஓய்வுநேர நாடியும் ஏறுகிறது என்பதை டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பல்லாண்டுகள் நடந்த இதய ஆய்வு காட்டியிருக்கிறது.

காரணம் எளிது. இதயத்தின் வேலை ரத்தத்தை அனுப்புவது மட்டும் அல்ல. அந்த ரத்தத்தில் ஏறியிருக்கும் ஆக்சிஜனை உடம்பு முழுக்கக் கொண்டு சேர்ப்பதும்தான். லாரியில் சரக்கு அனுப்புவதுபோல நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு லாரியிலும் ஏறும் சரக்கு குறைந்தால், அதே அளவு சரக்கைக் கொண்டு சேர்க்க லாரி அதிக நடை அடிக்க வேண்டும். நுரையீரல் ஏற்றும் ஆக்சிஜன் குறைவதால், இதயம் அதிக நடை அடிக்கிறது. இது பழகிப்போன சுமை. இதன் மேல்தான் சளியும் காய்ச்சலும் வந்து உட்காருகின்றன.

நோய் வந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரே நேரத்தில் பல காரணங்கள் சேர்ந்து இதயத்தை விரட்டுகின்றன.

*முதலாவது, காய்ச்சல்.* உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், நாடி நிமிடத்துக்குச் சுமார் 8 முதல் 10 துடிப்பு கூடும். நம் வீட்டு தெர்மாமீட்டரின் ஃபாரன்ஹீட் கணக்கில் சொன்னால், 102 டிகிரி காய்ச்சலுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 துடிப்பு. இது எல்லோருக்கும் பொது.

*இரண்டாவது, ஆக்சிஜன் பற்றாக்குறை.* கிருமித் தொற்றால் மூச்சுக்குழாய்கள் வீங்குகின்றன, சளி அடைக்கிறது. ஏற்கெனவே ஒடுங்கிய குழாய்கள் இன்னும் ஒடுங்குகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது, கழுத்து ரத்தக்குழாயின் ஓரத்தில் இருக்கும் மிகச்சிறிய உணரிகள் அதைக் கண்டுபிடித்து மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. மூச்சு வேகமாகிறது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சுரந்து நாடி ஏறுகிறது.

*மூன்றாவது, வெளியே போகாத காற்று.* இது சிஓபிடி, ஆஸ்துமா நோயாளிகளின் தனிப் பிரச்னை. இவர்களுக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். நோய் முற்றும்போது ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளேயே தங்கி, நுரையீரல் பலூன்போல உப்பிக்கொள்கிறது. 'மூச்சு உள்ள போகவே மாட்டேங்குது' என்று நோயாளி சொல்வதற்குக் காரணமும் இதுதான். உள்ளே ஏற்கெனவே காற்று நிறைந்திருக்கிறது. உப்பிய நுரையீரல் நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டுவதால், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகும் ரத்தமும் குறைகிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு துடிப்புக்கு 70 மில்லி ரத்தம், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் உடம்பில் சுற்றுகிறது. ஒரு துடிப்பில் போகும் ரத்தம் 50 மில்லியாகக் குறைந்தால், அதே 5 லிட்டரைச் சுற்றவைக்க 100 துடிப்பு வேண்டும்.

*நான்காவது, நீர் வறட்சி.* காய்ச்சலில் வியர்க்கிறது. வேகமான மூச்சிலும் நீர் ஆவியாகிறது. வாய் கசப்பதால் சாப்பாடு, தண்ணீர் இரண்டும் குறைகின்றன. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமெடுக்கும்.

*ஐந்தாவது, மூச்சு விடுகிற வேலையே பெரிய வேலையாகிவிடுவது.* நாம் மூச்சு விடுவதை வேலையாகவே நினைப்பதில்லை. ஆனால், இளைப்பில் இருப்பவரின் கழுத்துத் தசை, விலாத் தசை, வயிற்றுத் தசை எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே மூட்டை தூக்குவதுபோல. அந்தத் தசைகளுக்கும் ரத்தம் போக வேண்டும். இதோடு, 'மூச்சு நின்னுடுமோ' என்ற பயமும் சேர்ந்தால், நாடி இன்னும் ஏறும்.

93 இருக்கே, அப்புறம் என்ன?

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. ஆக்சிஜன் அளவு ஓரளவு சரியாக இருப்பதாலேயே நோயாளி நலமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. அந்த 93-ஐக் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்க, உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 84 துடிப்போடும் 16 மூச்சோடும் இருக்கும் 93 வேறு. 118 துடிப்போடும் 28 மூச்சோடும் இருக்கும் 93 வேறு. திரையில் ஒரே எண்தான். ஆனால், இரண்டாவது ஆள் களைத்துக்கொண்டிருக்கிறார். தசைகள் களைத்து ஓய்ந்த பிறகு ஆக்சிஜன் அளவு சட்டென்று சரியலாம்.

அந்த வேகத்துக்கு இதயம் கொடுக்கும் விலையும் உண்டு. 84 துடிப்பு 118 ஆனால், ஒரு நிமிடத்துக்கு 34 துடிப்பு அதிகம். ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தால், ஏறக்குறைய 49 ஆயிரம் துடிப்பு அதிகம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் 0.8 விநாடி கிடைக்கிறது. 120 ஆனால் அது 0.5 விநாடியாகச் சுருங்குகிறது. இதில் அதிகம் குறைவது, இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் நேரம். இதயத் தசைக்கான ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் பாய்கிறது. ஆக, வேலை கூடும்போது இதயத்துக்கே கிடைக்கும் ரத்தத்துக்கான நேரம் குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு. ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருப்பவர்களுக்கு இது ஆபத்தான கூட்டணி.

2018-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வெளியான ஆய்வு ஒன்று, இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாட்களைவிடச் சுமார் 6 மடங்கு கூடுவதைக் கண்டறிந்தது. சிஓபிடி திடீரெனத் தீவிரமாகி மருந்து தேவைப்பட்ட முதல் ஐந்து நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியதை, பிரிட்டனில் 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால், இளைப்பு வந்த நாளில் நெஞ்சு வலியோ அழுத்தமோ இருந்தால் 'இருமி இருமி வலிக்குது' என்று விட்டுவிடக் கூடாது.

மருந்தாலும் படபடப்பு வருமா?

வரும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், புரிந்துகொள்ள வேண்டும்.

இளைப்பு வந்தவுடன் எடுக்கும் நீல நிறப் பம்ப்பில் இருப்பது பெரும்பாலும் சால்பூட்டமால். இது மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்துகிறது. இதயத்தையும் கொஞ்சம் தூண்டுகிறது. அதனால்தான் படபடப்பும் கை நடுக்கமும் வருகின்றன. பம்ப்பில் ஒரு முறை அழுத்தினால் வருவது பொதுவாக 100 மைக்ரோகிராம். நெபுலைசரில் பெரியவர்களுக்கு ஒரு தடவை வைப்பது 2.5 மில்லிகிராம் அல்லது 5 மில்லிகிராம். வெறும் அளவுக் கணக்கில் பார்த்தால் 2.5 மில்லிகிராம் என்பது 25 அழுத்துக்குச் சமம். அத்தனையும் நுரையீரலுக்குப் போகாது என்றாலும், மெஷின் வைத்த பிறகு படபடப்பு அதிகமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். திரும்பத் திரும்ப வைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அதுவும் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும்.

டெரிபிலின் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த தியோஃபிலின் வகை மாத்திரைகளில் கூடுதல் கவனம் தேவை. இதில் பலன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி குறைவு. காய்ச்சலுக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், இந்த மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அப்போது வழக்கமான மாத்திரையே அளவுக்கு மீறியதாகிவிடும். குமட்டல், வாந்தி, கடுமையான படபடப்பு வரலாம். உடம்பு முடியாததால் திடீரென்று சிகரெட்டை நிறுத்தியவர்களுக்கும் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். சிகரெட்டை நிறுத்தியது நல்லது; ஆனால், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளும் நாடியை ஏற்றக்கூடியவை.

இதைப் படித்துவிட்டு 'பம்ப்தான் படபடப்புக்குக் காரணம்' என்று முடிவு செய்து நிறுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. மூச்சுக்குழாய் அடைத்திருக்கும்போது பம்ப்பை நிறுத்தினால் ஆக்சிஜன் குறையும். நாடி இன்னும் ஏறும். அடைப்பு விலகினால் இதயமும் தானாக அமைதியாகும். அதேநேரம், 4 மணி நேரத்துக்குள் மறுபடி பம்ப் தேவைப்படுகிறது, நெபுலைசர் வைத்தும் அடங்கவில்லை என்றால், வீட்டு வைத்தியத்தின் எல்லை முடிந்துவிட்டது என்று பொருள்.

எத்தனை துடிப்பு என்றால் கவலைப்பட வேண்டும்?

சிஓபிடி திடீரெனத் தீவிரமாகும்போது அதன் கடுமையை எப்படி அளப்பது என்று பல நாட்டு நிபுணர்கள் 2021-ல் ஒரு வரையறையை வெளியிட்டார்கள். 'ரோம் வரையறை' எனப்படும் இதை, சிஓபிடிக்கான உலகளாவிய வழிகாட்டி அமைப்பான 'கோல்டு' 2023-ல் ஏற்றுக்கொண்டது. மூச்சுத்திணறலின் அளவு, மூச்சு எண்ணிக்கை, நாடி, ஆக்சிஜன், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என ஐந்து விஷயங்களை இது பார்க்கிறது. அதில் நாடிக்கான கோடு 95. மூச்சுக்கான கோடு நிமிடத்துக்கு 24. ஆக்சிஜன் 92-க்குக் கீழே போவதும், வழக்கமான அளவைவிட 3-க்கு மேல் குறைவதும் கணக்கில் வரும். ஐந்தில் மூன்று கோட்டைத் தாண்டினால், நோய் லேசான கட்டத்தைக் கடந்துவிட்டது.

ஆஸ்துமாவுக்கு அளவு வேறு. பெரியவர்களுக்கு நாடி 110-ஐத் தொட்டால் கடுமையான தாக்குதலின் அடையாளமாக பிரிட்டிஷ் வழிகாட்டுதல் எடுத்துக்கொள்கிறது. 'ஜினா' என்ற சர்வதேச வழிகாட்டுதல் 120-ஐத் தாண்டினால் கடுமை என்கிறது.

இவை மருத்துவர்கள் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கும் எண்கள். வீட்டில் இதைவிடப் பயனுள்ள எண் ஒன்று உண்டு. அது, அந்த நோயாளி நலமாக இருக்கும்போது இருக்கும் நாடி. எப்போதும் 90-ல் இருப்பவருக்கு 98 பெரிய மாற்றம் இல்லை. எப்போதும் 68-ல் இருப்பவருக்கு 98 என்பது 30 துடிப்பு அதிகம். '100-க்குக் கீழேதான இருக்கு' என்று அவரை விட்டுவிட முடியாது. நலமாக இருக்கும் நாளில் அளந்து வைத்திருந்தால் மட்டுமே இந்த வித்தியாசம் தெரியும்.

நாடி ஏறாவிட்டால் நல்லது என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. ரத்த அழுத்தம், மாரடைப்பு, இதயச் செயலிழப்புக்காக மெட்டோபிரலால், பைசோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, நோய் தீவிரமானாலும் நாடி அவ்வளவாக ஏறாது. மாத்திரை அதைப் பிடித்து வைத்திருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் நாடியை மட்டும் நம்ப முடியாது. வயதானவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சலே இல்லாமல் போகலாம். இவர்களிடம் மூச்சு எண்ணிக்கை, பேச்சு, தெளிவு ஆகியவற்றைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

கண்ணழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக் கூடும். நுரையீரல் டாக்டரிடம் கண் மருந்தையும், கண் டாக்டரிடம் பம்ப்பையும் சொல்லாமல் விடுவது நம் ஊரில் சாதாரணம். அது கூடாது.

இன்னொன்று. கடுமையான ஆஸ்துமாவில் வேகமாக இருந்த நாடி, மூச்சு சீராகாமலே திடீரென்று மெதுவாகிறது, வீசிங் சத்தமும் நிற்கிறது என்றால், அது குணமாவதன் அடையாளம் அல்ல. உயிருக்கு ஆபத்தான கட்டம்.

வேகம் மட்டுமல்ல, தாளமும் முக்கியம்

நாடி வேகமாக இருந்தாலும் கடிகாரம்போல ஒரே சீராக இருந்தால் அது ஒரு வகை. ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம், நடுவில் ஒன்று விட்டுப்போவது என்று தாறுமாறாக இருந்தால் வேறு வகை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு சிஓபிடி உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. நோய் தீவிரமாகும் நாட்களில்தான் பலருக்கும் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. இதில் இதயத்தின் மேலறையில் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. ஆக்சிமீட்டர், ஸ்மார்ட் வாட்ச் இரண்டுமே ஒழுங்கற்ற துடிப்பைத் தவறாக எண்ணக்கூடும். சந்தேகம் வந்தால் ஈசிஜி எடுப்பதுதான் ஒரே வழி.

வீட்டில் சரியாக அளப்பது எப்படி?

* உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைக்கவும். நாடி, ஆக்சிஜன், ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை என மூன்றும் வேண்டும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே குறிக்கலாம்.
* ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்கவும். மாடிப்படி ஏறியவுடன், காபி குடித்தவுடன் வேண்டாம்.
* பம்ப், நெபுலைசருக்கு முன்பே அளப்பது நல்லது. அப்போதுதான் நோயின் வேகம் எது, மருந்தின் வேகம் எது என்பது தெரியும். ஆனால், மூச்சுத் திணறும்போது அளந்துகொண்டு நிற்க வேண்டாம், மருந்துதான் முதலில்.
* நகச்சாயம், ஜில்லென்ற விரல் இரண்டும் கணக்கைக் கெடுக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, கருவியை மாட்டி, எண் நிலைக்கும்வரை அரை நிமிடமாவது பொறுக்கவும்.
* கருவி இல்லையா? மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கவும். தாளம் தப்பினால் முழு ஒரு நிமிடம் எண்ணவும்.

அளப்பது நல்லது என்பதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டாம். பயமே நாடியை ஏற்றிவிடும். நோய்வாய்ப்பட்ட நாட்களில் காலை, மதியம், இரவு என மூன்று முறை போதும். அறிகுறி மாறினால் இன்னொரு முறை.

எப்போது டாக்டர்? எப்போது 108?

ஓய்வில் இருக்கும்போதும் நாடி வழக்கத்தைவிட 20 துடிப்புக்கு மேல் கூடி, சில மணி நேரமாக இறங்காமல் இருந்தால், இளைப்பு கூடினால், சளியின் நிறமோ அளவோ மாறினால், ஆக்சிஜன் வழக்கத்தைவிட 3-க்கு மேல் குறைந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத மூச்சுத்திணறல், உதடு அல்லது விரல் நுனி நீலமாவது, நெஞ்சு வலி, மயக்கம், ஓய்விலும் 120-க்கு மேல் நிற்கும் நாடி, ஆக்சிஜன் 88-க்குக் கீழ் போவது, பம்ப் எடுத்தும் பலன் இல்லாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது. குழப்பமாகப் பேசுவது, எழுப்ப எழுப்பத் தூங்கி விழுவது, காலையில் தலைவலி, கை கதகதப்பாக இருந்து நாடி துள்ளுவது ஆகியவை உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். 'பாவம், அசந்து தூங்குறார்' என்று விடக் கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சென்ட்ரேட்டரோ வைத்திருப்பவர்கள், பயத்தில் அளவைத் திருகி ஏற்றவும் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ள சிஓபிடி நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அளந்து கொடுத்த ஆக்சிஜன், அள்ளிக் கொடுத்த ஆக்சிஜனைவிட இறப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது.

வராமல் தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது, ஆனால், குறைக்கலாம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நிமோகாக்கல் தடுப்பூசி இரண்டும் நுரையீரல் நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுபவை. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் கூடுவதால், மழை தொடங்கும் முன்பே கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் யாருக்காவது சளி என்றால் முகக்கவசம், கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் இல்லாத அறை, போகியன்று காலை ஜன்னலைச் சாத்தி வைப்பது ஆகியவையும் உதவும். தினசரி எடுக்கும் தடுப்புப் பம்ப்பை 'இப்ப நல்லாத்தான இருக்கேன்' என்று நிறுத்தாமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நோய் அடங்கிய பிறகும் நாடி பழைய நிலைக்குத் திரும்ப நாளாகலாம். திரும்பவே இல்லை என்றால் ஒரு ஈசிஜியும், தேவைப்பட்டால் எக்கோவும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

சரி, அந்த 64 வயது அம்மாவின் எண்களை இப்போது மறுபடி பார்க்கலாம். ஆக்சிஜன் 93. நாடி 118. காய்ச்சல் 99.4. நலமாக இருக்கும் நாளில் அவருடைய ஆக்சிஜன் 95, நாடி 84 என்று வைத்துக்கொண்டால், ஆக்சிஜன் குறைந்தது இரண்டே எண்தான். நாடி ஏறியதோ 34 துடிப்பு. அந்தச் சிறிய காய்ச்சலுக்கு நான்கைந்து துடிப்பு கூடியிருக்கலாம். மீதி 30 துடிப்புக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அடைத்த மூச்சுக்குழாயா, தொடங்கும் நிமோனியாவா, உப்பிய நுரையீரலா, மருந்தா, தாளம் தப்பிய இதயமா என்பதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 'நாளைக்கோ நாளன்னைக்கோ' என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே கிளம்ப, அந்த ஒரு எண்ணே போதும்.